வெயிலுக்கு ஒரு டிபன் கேரியர்

டூவீலரில் ஆபீஸ் போகும் எந்த ஆம்பளையையும் சட்டையைக் கழற்றச் சொல்லிப் பாருங்கள். (வேண்டாம், அடி விழும். கற்பனை செய்தால் போதும்.) உடம்பு ஒரு இந்திய வரைபடம் மாதிரி இருக்கும். அரைக்கை முடிகிற இடத்தில் மாநில எல்லைக் கோடு. வாட்ச் கட்டின இடத்தில் தனியாக ஒரு யூனியன் பிரதேசம். மேல் பட்டன் திறந்திருந்த புண்ணியத்தில் கழுத்துக்குக் கீழே கன்னியாகுமரி வரை இறங்கும் ஒரு தீபகற்பம். ஒரே ஆசாமி, மூன்று கலர்.

இத்தனைக்கும் இவர் வீட்டு அலமாரியில் சன்ஸ்க்ரீன் ட்யூப் இருக்கும். ஆனால் அது தங்கச்சியுடையது. அல்லது மனைவியுடையது. 'அதெல்லாம் லேடீஸ் சமாசாரம்' என்று வெளியே சொல்லிவிட்டு, யாரும் இல்லாத நேரத்தில் கடுகளவு எடுத்து மூக்கு நுனியில் மட்டும் தடவிக்கொண்டு கிளம்புகிற வீரர்கள் நம்மில் ஏராளம்.

இந்த வாரம் அந்த ட்யூபைப் பற்றித்தான். உள்ளே இருக்கும் மருந்தைவிட, அந்த மருந்தை எந்தப் பாத்திரத்தில் போட்டு வைக்கிறார்கள் என்பதில்தான் இப்போது நிஜமான வேலை நடக்கிறது. கொஞ்சம் கெமிஸ்ட்ரி வரும். பயப்படாதீர்கள். எழுதுகிறவன் பி.காம்.

* * *

முதலில் எதிரியைத் தெரிந்துகொள்வோம்.

சூரியனிலிருந்து வரும் புற ஊதாக் கதிரில் நம் தோல்வரை வந்து சேர்கிறவை இரண்டு வகை. ஒன்று யு.வி.பி. அலைநீளம் சுமார் 290 முதல் 320 நானோமீட்டர். தோலை வேக வைப்பது, சிவக்க வைப்பது இதன் தொழில். இரண்டாவது யு.வி.ஏ. 320 முதல் 400 வரை. இது சத்தம் போடாத பேர்வழி. ஆழமாக உள்ளே போய், தோலைத் தாங்கிப் பிடித்திருக்கும் நார்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, சுருக்கத்தையும் கருந்திட்டுகளையும் தவணை முறையில் சப்ளை செய்யும். தரைக்கு வரும் புற ஊதாவில் 95 சதவிகிதம் இந்த அமைதியான ஆள்தான்.

'நான் கார்ல போறேன், கண்ணாடி ஏத்தியிருக்கு' என்று நிம்மதியாக இருக்கிறீர்களா? சாதாரணக் கண்ணாடி யு.வி.பி.யை ஏறக்குறைய முழுசாகத் தடுத்துவிடும். யு.வி.ஏ.யில் பெரும்பகுதி ஹாயாக உள்ளே வந்துவிடும். பஸ்ஸில் ஜன்னலோர சீட் பிடித்த சந்தோஷத்துக்கும் இதே கதிதான்.

இப்போது ட்யூபின் மேல் இருக்கும் நம்பருக்கு வருவோம். எஸ்.பி.எஃப். 30 என்றால், சரியான அளவில் பூசினால், தோலைச் சிவக்க வைக்கும் கதிரில் முப்பதில் ஒரு பங்குதான் உள்ளே போகும். எஸ்.பி.எஃப். 15 சுமார் 93 சதவிகிதம் தடுக்கும். 30 சுமார் 97. 50 சுமார் 98. கவனித்தீர்களா? 30-க்கும் 50-க்கும் நடுவே நம்பர் எகிறுகிறது, விலையும் எகிறுகிறது, தடுப்பு ஒரு சதவிகிதம் சொச்சம்தான் கூடுகிறது. (தோலுக்குள் போகிற பக்கத்திலிருந்து பார்த்தால் 3.3 என்பது 2 ஆகக் குறைகிறது என்று கம்பெனிக்காரர் வாதாடுவார். அதுவும் நியாயம்தான். பேலன்ஸ் ஷீட்டுக்கு எப்போதும் இரண்டு பக்கம்.)

இந்த நம்பர் முக்கியமாக யு.வி.பி. கணக்கு. யு.வி.ஏ.வுக்குத் தனியாகப் பார்க்க வேண்டும். ட்யூபில் 'பி.ஏ.' என்று போட்டு பக்கத்தில் மூன்று நான்கு ப்ளஸ் குறி இருக்கும். டிகிரி இல்லை. ஜப்பான்காரர்கள் ஆரம்பித்த யு.வி.ஏ. மதிப்பெண். ப்ளஸ் கூடினால் நல்லது.

'சரியான அளவில் பூசினால்' என்று சொன்னேன் இல்லையா, அங்கேதான் நம்ம ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். லேபில் அந்த நம்பரைச் சோதிக்கும்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசுகிறார்கள். வளர்ந்த ஆளின் தோல் பரப்பு சுமார் 17,000 சதுர சென்டிமீட்டர். பெருக்கிப் பாருங்கள்: 34 கிராம். அதாவது 50 கிராம் ட்யூப் முழு உடம்புக்கு ஒன்றரை தடவைதான் வரும்! முகம், கழுத்துக்கு மட்டும் என்றால்கூட ஒன்றேகால் கிராம் தேவை. தினம் ஒரு தடவை போட்டாலே 40 நாளில் ட்யூப் காலி. 'ஒரே ட்யூப் ஒரு வருஷமா வருது பிரதர்' என்று பெருமைப்படுகிறவர் பூசுவது சன்ஸ்க்ரீனே இல்லை, வாசனை.

* * *

சரி, அந்த க்ரீமுக்குள் யார் வேலை செய்கிறார்கள்?

இரண்டு கோஷ்டி. ஒன்று தாதுப் பொடிகள்: ஜிங்க் ஆக்ஸைடு, டைட்டானியம் டையாக்ஸைடு. முகத்தை வெள்ளையடித்த சுவர் மாதிரி ஆக்குகிறவை இவைதான். கண்ணாடி மாதிரி கதிரைத் திருப்பி அனுப்புகின்றன என்று நினைக்கிறோம். அது கொஞ்சம்தான், பெரும்பகுதியை இவையும் விழுங்கவே செய்கின்றன. இன்னொரு கோஷ்டி கரிம மூலக்கூறுகள்: ஏவோபென்ஸோன், ஆக்டினாக்ஸேட், ஆக்டோக்ரைலீன், ஆக்ஸிபென்ஸோன் என்று நீளும் பெயர்கள். புற ஊதாவை விழுங்கி, ஆபத்தில்லாத வெப்பமாக வெளியே விடுவது இவற்றின் உத்தியோகம்.

இந்த இரண்டாவது கோஷ்டியில் இரண்டு பெரிய பிரச்னை.

முதல் பிரச்னை, தேய்மானம். ஏவோபென்ஸோனை எடுத்துக்கொள்ளுங்கள். யு.வி.ஏ.வைத் தடுப்பதில் கெட்டிக்காரன். ஆனால் வெயிலில் நின்றால் தானே உடைந்துபோகிறான். வெயிலுக்காகவே வேலைக்கு வைத்த வாட்ச்மேனுக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது என்பது மாதிரி! நாங்கள் அக்கவுண்ட்ஸில் டிப்ரிசியேஷன் என்று படித்தது ஷோரூமிலிருந்து வெளியே வந்த ஸ்கூட்டர் பற்றி. இது அதைவிட வேகம். போதாக்குறைக்கு இவனையும் ஆக்டினாக்ஸேட்டையும் ஒரே க்ரீமில் பக்கத்துப் பக்கத்தில் விட்டால், வெயில் பட்டதும் ஒன்றோடொன்று வினைபுரிந்து இரண்டுமே நாசம். நடுவில் சமாதானம் பண்ணிவைக்க ஆக்டோக்ரைலீன் என்று ஒரு பஞ்சாயத்துத் தலைவரைச் சேர்ப்பது வழக்கம்.

இரண்டாவது பிரச்னையை என் நண்பர் ஒருவர் டீக்கடையில் கேட்டார்:

"ஸார், இந்த க்ரீம் தோல் வழியா ரத்தத்துக்குப் போயிடுதாமே? நிஜமா?"

"நிஜம்தான்."

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். "அப்ப இனிமே போட மாட்டேன்."

"இதுவரைக்கும் போட்டீங்களா?"

"இல்லை."

இப்படித்தான் பாதி விஞ்ஞானச் செய்திகள் நம்மிடம் வந்து சேர்கின்றன. ஏற்கனவே செய்யாத ஒன்றை இனியும் செய்யாமல் இருக்க ஒரு கௌரவமான காரணம்.

* * *

நடந்தது இதுதான். நம் நாட்டில் சன்ஸ்க்ரீன் காஸ்மெடிக் கணக்கில் வருகிறது. அமெரிக்காவில் மருந்துக் கணக்கு. அதனால் அங்கே உள்ள உணவு-மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ., 'எவ்வளவு உள்ளே போகிறது என்று பார்த்துவிடலாம்' என்று இறங்கியது. 24 பேர். தினம் நான்கு தடவை, நான்கு நாள், உடம்பின் முக்கால் பரப்பில், அந்தச் சட்டப்படியான 2 மில்லிகிராம் கணக்கில் பூசினார்கள். 2019-ல் முடிவு வெளியானது. சோதித்த நான்கு மூலப்பொருளும் — ஏவோபென்ஸோன், ஆக்ஸிபென்ஸோன், ஆக்டோக்ரைலீன், எகாம்ஸூல் — ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 0.5 நானோகிராம் என்ற கோட்டைத் தாண்டியிருந்தன. ஆக்ஸிபென்ஸோன் பல மடங்கு தாண்டியது. 2020-ல் 48 பேரை வைத்து ஆறு மூலப்பொருளைச் சோதித்தபோதும் இதே கதை.

நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. அந்த 0.5 விஷ அளவு கிடையாது. 'இதற்கு மேல் உள்ளே போனால், பாதுகாப்பானதுதானா என்று தனியாக ஆராய்ச்சி செய்து ஃபைல் போடு' என்று கம்பெனியைக் கேட்கும் கோடு. உள்ளே போகிறது என்பதற்கும் கெடுதல் செய்கிறது என்பதற்கும் நடுவில் நிறைய தூரம். எஃப்.டி.ஏ.வே 'பூசுவதை நிறுத்தாதீர்கள்' என்றுதான் சொன்னது. அதே 2019-ல் அது வெளியிட்ட விதி முன்வடிவில் ஜிங்க், டைட்டானியம் இரண்டுக்கும் 'பாஸ்'. பன்னிரண்டு கரிமச் சரக்குகளுக்கு 'இன்னும் தகவல் கொண்டு வா'.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் க்வீன்ஸ்லாந்து மாநிலத்தில் நாம்பர் என்று ஒரு ஊர். 1992 முதல் 1996 வரை அங்கே 1,621 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதியைத் தினமும் தலை, கழுத்து, கைகளில் சன்ஸ்க்ரீன் போடச் சொன்னார்கள். இன்னொரு பாதியை 'உங்கள் இஷ்டம்' என்று விட்டார்கள். தினம் போட்டவர்களிடம் ஸ்க்வாமஸ் செல் என்ற வகைத் தோல் புற்றுக் கட்டிகள் ஏறக்குறைய 40 சதவிகிதம் குறைந்தன. பத்து வருஷம் கழித்துப் பார்த்தபோது, ஆளைக் கொல்லும் மெலனோமா புற்று இஷ்டப்பட்டவர்களில் 22 பேருக்கு, தினம் போட்டவர்களில் 11 பேருக்கு. சரிபாதி. தோல் மூப்படைவதும் மட்டுப்பட்டிருந்தது. இதையெல்லாம் நடத்தியவர் அடீல் க்ரீன் என்ற அம்மணி.

ஆக, பூசாமலும் இருக்க முடியாது, பூசியது உள்ளே போவதையும் ஒரேயடியாக அலட்சியம் செய்ய முடியாது. அப்புறம் என்ன வழி? மூலக்கூறு வெயிலில் உடையவும் கூடாது, பக்கத்து மூலக்கூறோடு சண்டை போடவும் கூடாது, தோலுக்குள் நுழையவும் கூடாது.

இந்த மூன்று கண்டிஷனையும் படித்தவுடன் தமிழனுக்கு என்ன ஞாபகம் வர வேண்டும்? டிபன் கேரியர்!

* * *

சாம்பார் ஒரு அடுக்கு, தயிர் ஒரு அடுக்கு, பொரியல் ஒரு அடுக்கு. எல்லாம் ஒரே கைப்பிடியில் பயணம் செய்யும், ஒன்றோடொன்று கலக்காது. சன்ஸ்க்ரீன் ஆராய்ச்சியாளர்கள் செய்வதும் இதுதான். அவர்கள் பாஷையிலும் அதன் பெயர் 'கேரியர்'தான்.

ஏன் தேவை என்பதற்கு ஒரு வரி விளக்கம். நம் தோலின் வாசலில் ஒரு வாட்ச்மேன் இருக்கிறார். அவருடைய மோட்டா கணக்கு: மூலக்கூறு எடை 500-க்குக் கீழே இருந்தால் நுழைய வாய்ப்பு உண்டு, மேலே இருந்தால் கஷ்டம். ஏவோபென்ஸோன் 310. ஆக்ஸிபென்ஸோன் 228. இரண்டு பேரும் ஸ்லிம். கேட்டில் புகுந்துவிடுகிறார்கள். இவர்களைத் தூக்கி ஒரு குண்டுப் பாத்திரத்துக்குள் போட்டு மூடிவிட்டால்? வாட்ச்மேன் 'வெளியிலேயே நில்லுய்யா' என்றுவிடுவார்.

முதல் பாத்திரம், கண்ணாடி. இஸ்ரேலின் ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் டேவிட் அவ்னிரும் சகாக்களும் 1984-ல் ஒரு வேடிக்கை செய்தார்கள். கண்ணாடி செய்ய ஆயிரம் டிகிரிக்கு மேல் உலை வேண்டும். அதில் கரிமச் சரக்கைப் போட்டால் சாம்பல்தான் மிஞ்சும். இவர்கள் திரவத்திலிருந்து, சாதாரண அறை வெப்பத்திலேயே, 'ஸோல்-ஜெல்' என்ற முறையில் சிலிக்காக் கண்ணாடியை உறைய வைத்து, அதற்குள் சாயத்தைச் சிறை வைத்துக் காட்டினார்கள். பின்னாளில் இதே வழியில் சன்ஸ்க்ரீன் மருந்தைச் சிலிக்கா ஓட்டுக்குள் அடைத்து வியாபாரத்துக்கே வந்துவிட்டது. ஒரு முத்து சுமார் ஒரு மைக்ரான். உங்கள் தலைமுடி தடிமனில் எழுபதில் ஒரு பங்கு இருக்கலாம். (முடி இருப்பவர்களுக்கு.)

இதில் அழகான ஒரு விஷயம். ஜுர மாத்திரைக் கேப்ஸ்யூல் உள்ளே போய்க் கரைந்தால்தான் வெற்றி. இந்த முத்து கரையாமல் இருந்தால்தான் வெற்றி. சிலிக்கா புற ஊதாவை உள்ளே விடும். மருந்து பாத்திரத்துக்குள் உட்கார்ந்தபடியே கதிரை விழுங்கிக்கொள்ளும். வெளியே வரவே வேண்டாம். எங்கள் பி.காம். பாடத்தில் 'கேரேஜ் இன்வார்ட்ஸ்' என்று ஒரு தலைப்பு உண்டு. சரக்கு உள்ளே வந்து சேர ஆகும் கூலி. சன்ஸ்க்ரீன் வியாபாரத்தில் மட்டும் அந்தத் தலைப்பில் பூஜ்யம் இருக்க வேண்டும்.

இரண்டாவது பாத்திரம், தேன்கூடு. 1992-ல் அமெரிக்காவின் மொபில் எண்ணெய்க் கம்பெனி விஞ்ஞானிகள் எம்.சி.எம்.-41 என்ற பொடியை அறிவித்தார்கள். பெட்ரோலிய வேலைக்காகச் செய்தது. சிலிக்காதான், ஆனால் உள்ளே ஒரே அளவில் சில நானோமீட்டர் அகலத் துளைகள், தேன்கூடு அறைகள் மாதிரி வரிசையாக. ஒரு கிராம் பொடியின் உட்பரப்பையெல்லாம் விரித்தால் சுமார் 1,000 சதுர மீட்டர். நம்ம பாஷையில் நாலரை கிரவுண்டு! ஒரு சிட்டிகைக்குள் நாலரை கிரவுண்டு நிலம் வைத்திருக்கிறார்கள், பத்திரப் பதிவே இல்லாமல். இந்த அறைகளில் சன்ஸ்க்ரீன் மூலக்கூறுகளைக் குடிவைத்தால் வெயிலில் உடைவது குறைகிறது என்று பல லேப்களில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் கதவு இல்லாத வீடு. குடியிருப்பவர் மெல்ல வெளியே வந்துவிடுவார். அதனால் வாசலுக்கு மூடி போடும் ஆராய்ச்சி தனியாக ஓடுகிறது.

மூன்றாவது, மெழுகு. தொண்ணூறுகளில் பெர்லினைச் சேர்ந்த ம்யூல்லர் போன்றவர்கள் வளர்த்தெடுத்த திடக் கொழுப்பு நானோ உருண்டைகள். இதில் ஒரு போனஸ்: மெழுகு உருண்டையே கொஞ்சம் கதிரைச் சிதறடிக்கும். அதாவது பாத்திரமும் சேர்ந்து வேலை செய்கிறது. பாத்திரம் பங்கு எடுத்துக்கொண்டால் உள்ளே மருந்தைக் குறைக்கலாம். கேரியரையே கடித்துத் தின்னும் வசதி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

நான்காவது, களிமண் மாதிரியான அடுக்குத் தாதுக்கள். அப்பளக் கட்டு போல ஏடு ஏடாக இருக்கும். ஏடுகளின் இடுக்கில் மூலக்கூறைச் செருகிவிடுவது. அரசாங்க ஆபீஸில் இரண்டு கட்டுக்கு நடுவே செருகப்பட்ட மனு எப்படி வெளியே வராதோ, அதே தத்துவம்.

தாதுக் கோஷ்டிக்கும் இந்தப் பாத்திர வைத்தியம் உண்டு. டைட்டானியம் டையாக்ஸைடு வெளிச்சம் பட்டால் சும்மா இருக்காது. 1972-ல் ஜப்பானின் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் இதை வைத்து வெளிச்சத்தால் தண்ணீரையே பிளந்து காட்டினார்கள். அப்படிப்பட்ட சூடான பேர்வழியை வெறும் மேனியோடு முகத்தில் பூசினால் பக்கத்தில் இருப்பதையெல்லாம் ஆக்ஸிஜனேற்றம் செய்து வம்பு பண்ணும். அதனால் ஒவ்வொரு துகளுக்கும் சிலிக்கா, அலுமினா என்று ஒரு சட்டை மாட்டி விடுகிறார்கள். இது ஆராய்ச்சி அளவில் நிற்கவில்லை. கடையில் விற்கும் க்ரீம்களில் நடைமுறை.

* * *

கடைசியாகக் கதாநாயகன்.

2015-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் மார்க் ஸால்ட்ஸ்மன், மைக்கேல் ஜிரார்டி குழு 'நேச்சர் மெட்டீரியல்ஸ்' பத்திரிகையில் ஒரு சன்ஸ்க்ரீன் பற்றி எழுதியது. பாத்திரம், மக்கக்கூடிய பாலிலாக்டிக் அமிலம். அதன் மேல் கிளை கிளையாக ஒரு பாலிமர் கோட். உள்ளே பேடிமேட்-ஓ என்ற பழைய மருந்து. இதில் புதுமை அந்தக் கோட்டில் இருக்கிறது. அதன் முனைகள் தோலின் புரதத்தைப் பிடித்துக்கொள்கின்றன. தபால்தலை மாதிரி ஒட்டிக்கொள்ளும். தண்ணீருக்கு அசையாது. துண்டால் அழுத்தித் துடைத்தால் வந்துவிடும். தோலுக்குள் போகவில்லை. சும்மா பூசியபோது செல்களுக்குள் போன அதே மருந்து, பாத்திரத்தில் இருந்தபோது போகவில்லை. பாதுகாப்பு, கடையில் வாங்கிய சரக்குக்குச் சமமாக இருந்தது.

கைதட்டலாம். ஆனால் ஆடிட்டர் கண்ணோடும் ஒரு தடவை பார்த்துவிடுவோம்.

அந்தச் சோதனையின் வாடிக்கையாளர்கள் எலிகள். எலிக்குப் பீக் ஹவரில் சிக்னலில் நிற்க வேண்டியதில்லை. ஹெல்மெட் பட்டை தாடையில் உரசாது. கர்ச்சீஃப் எடுத்து மணிக்கு ஆறு தடவை முகத்தைத் துடைக்காது. துண்டால் துடைத்தால் வரும் என்பது லேபில் நல்ல குணம்; நம் ஊர் மே மாதத்தில் அதுவே ஓட்டை.

அடுத்தது, கசிவு. 'பாத்திரத்தில் அடைத்தது' என்று லேபிள் சொன்னால் போதாது. ட்யூபில் ஒரு வருஷம் க்ரீம் எண்ணெயோடு ஊறிய பிறகும் மூடி மூடியாகவே இருக்கிறதா என்பதுதான் கேள்வி. மருந்து எண்ணெயில் கரையும் சாதி. ஓடு மெல்லியதாக இருந்தால் கசிந்துவிடும். அப்புறம் கேரியர் காலி. சாம்பார் பை முழுக்க.

மூன்றாவது, பாத்திரம் எங்கே போகிறது? குளித்தால் சாக்கடைக்கு, அங்கிருந்து கடலுக்கு. பவளப்பாறையைக் காப்பாற்றவென்று ஹவாய் தீவில் ஆக்ஸிபென்ஸோன், ஆக்டினாக்ஸேட் சேர்ந்த சன்ஸ்க்ரீன் விற்பனைக்கு 2018-ல் தடைச் சட்டம் போட்டு 2021 ஜனவரி முதல் அமலாக்கினார்கள். அடுத்ததாக, வேண்டுமென்றே பொருள்களில் சேர்க்கும் நுண்பிளாஸ்டிக்குக்கு எதிராக 2023-ல் ஐரோப்பிய யூனியன் விதி கொண்டு வந்தது. பிளாஸ்டிக் ஓட்டுக்குள் மருந்தை அடைத்துவிட்டு 'சேஃப்' என்று இனி அங்கே சுலபமாகச் சொல்லிவிட முடியாது. மணலின் சொந்தக்காரனான சிலிக்காவுக்கும், மெழுகுக்கும், மக்குகிற பாலிமருக்கும் மவுசு கூடுவது இதனால்தான்.

ஆகவே 'காலையில் ஒரு தடவை, நாள் முழுக்கக் கவலையில்லை' என்று எந்த விளம்பரமாவது அழகான பல்லோடு சிரித்தால், நீங்களும் பதிலுக்குச் சிரித்துவிட்டு நகருங்கள். பாத்திரம் முன்னேறிக்கொண்டிருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்ற பழைய விதி இன்னும் ரிட்டயர் ஆகவில்லை.

* * *

'நம்ம கறுப்புத் தோலுக்கு இதெல்லாம் எதுக்கு ஸார்?' என்பது அடுத்த கேள்வி. பாதி நியாயம். நம் மெலனின் இயற்கையே போட்டுக் கொடுத்த சன்ஸ்க்ரீன். ஆழ்ந்த கறுப்புத் தோலின் மேலடுக்குக்குச் சுமார் 13 எஸ்.பி.எஃப். இருக்கும் என்று 1979-லேயே அளந்தார்கள். வெள்ளைத் தோலுக்கு மூன்று சொச்சம். நாம் நடுவில் எங்கேயோ. மெலனோமா நமக்கு அபூர்வம்தான். ஆனால் மங்கு, திட்டுத் திட்டான கருமை, நாற்பதிலேயே ஐம்பது தெரியும் நெற்றி — இதெல்லாம் நம் தோலின் சொந்தப் பிரச்னைகள். மங்குக்குக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம்கூட உரம் போடுகிறது. அதனால் மங்கு இருப்பவர்களுக்கு டாக்டர்கள் அயர்ன் ஆக்ஸைடு கலந்த, லேசாக நிறமேற்றிய சன்ஸ்க்ரீனைச் சொல்கிறார்கள். கலராவதற்குப் பூசுவது வேறு கடை. இது சரக்கைத் தேயாமல் வைத்துக்கொள்ளும் செலவு. ரிப்பேர்ஸ் அண்ட் மெயின்டனன்ஸ்.

போகிற போக்கில் கொஞ்சம் நடைமுறை:

எஸ்.பி.எஃப். 30 போதும், பி.ஏ. ப்ளஸ் பாருங்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டிலும் நீளமாகப் பிதுக்கினால் முகம், கழுத்துக்கு ஆச்சு. காதையும் பின்னங்கழுத்தையும் விடாதீர்கள். பைக்கில் போகும்போது சூரியனுக்கு முதலில் தெரிவது அவைதான். ஸ்ப்ரே வகையை முகத்தில் நேராக அடிக்காதீர்கள். பொடி தோலில் இருக்கலாம், நுரையீரலில் கூடாது. ட்யூபை வெயிலில் நிற்கும் ஸ்கூட்டர் டிக்கியில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். எந்தப் பாத்திரமும் அடுப்பிலேயே இருந்தால் தாங்காது. காலை பத்திலிருந்து நாலு மணி வரை நிழல் கிடைத்தால் வெட்கப்படாமல் ஒதுங்குங்கள். முழுக்கைச் சட்டை இருக்கிறது. இரண்டு மணிக்கு ஒரு தடவை மறுபடி பூச வேண்டாம், ரத்தத்தில் கலக்காது, கடலில் கரையாது. தேய்மானமும் மெதுவாகத்தான்.

இன்றைக்கே வீட்டு ட்யூபைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். ஏவோபென்ஸோன் சில சமயம் 'ப்யூட்டைல் மெத்தாக்ஸி டைபென்ஸாயில் மீத்தேன்' என்ற முழுப் பெயரில் ஒளிந்திருக்கும். இருந்தால், கூடவே ஆக்டோக்ரைலீன் மாதிரி ஒரு பஞ்சாயத்துத் தலைவரும் இருக்கிறாரா பாருங்கள். 'என்கேப்ஸுலேட்டட்' என்ற வார்த்தை தென்பட்டால், கேரியர் வந்துவிட்டது என்று அர்த்தம்.

மருந்துக்கடையில் நின்று அந்தப் பெயரைத் திக்காமல் சொல்லிக் கேட்பவருக்குக் கடைக்காரர் எம்.ஆர்.பி.யில் குறைக்க மாட்டார். ஆனால் பின்னால் க்யூவில் நிற்பவர்கள் உங்களை டாக்டர் என்று நினைத்து வழிவிடுவார்கள். நிழலில் ஓரமாக நின்று வாங்கிக்கொண்டு வரலாம்.